மூன்று முழம் தள்ளி

மறதிநோய் வந்துவிட்ட எங்கள் அம்மிச்சியை, அதாவது அம்மாவைப் பெற்றவரை, பார்க்க வருகிற சொந்தக்காரர்களில் பாதிப் பேராவது கிளம்பும்போது வாசலில் நின்று ஒரே மாதிரி ஒன்றைச் சொல்கிறார்கள். "பாருங்க, மனுசனுக்குத் தெரியாதது இந்த வாயில்லா சீவனுக்குத் தெரியுது. பக்கத்தை விட்டு நகருதா பாருங்க." கயிற்றுக் கட்டிலை ஒட்டிப் படுத்திருக்கும் நாய் ஜிம்மியைக் காட்டித்தான் சொல்வார்கள். பாசத்தில் சொல்வதுதான், சந்தேகமில்லை. சிலருக்குக் கண்கூடக் கலங்கிவிடும். அந்த நேரத்தில் அத்தை, மாமாவின் மனைவி, பெரும்பாலும் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க்கொண்டிருப்பார். அம்மிச்சியைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊட்டிவிட்டு, ராத்திரியில் திரும்பத் திரும்ப எழுந்து, நனைந்த துணியை அலசிப் போட்டுவிட்டு வந்த கைதான் அந்தக் காபியையும் கலந்தது. அவர் காதுபடத்தான் நாய்க்கு இந்தப் புகழ்ச்சி நடக்கிறது. எனக்கு இது நெடுநாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது.

குடும்ப வாட்ஸாப் குழுவிலும் இதே பேச்சுதான். ஆஸ்கர் என்ற பூனையைப் பற்றிய செய்தியை யாராவது ஒருத்தர் அவ்வப்போது அனுப்புவார். அது நிஜமான பூனைதான். அமெரிக்காவில் ராட் ஐலண்ட் மாநிலத்துப் பிராவிடன்ஸ் நகரில் இருக்கும் ஸ்டீர் ஹவுஸ் என்ற முதியோர் இல்லத்தில், மறதிநோய் முற்றியவர்கள் தங்கியிருந்த மாடியில் வளர்ந்தது. சாகும் நிலையில் இருப்பவர்களின் படுக்கையில் போய் அது சுருண்டு படுத்துக்கொள்ளும் என்று டேவிட் டோசா என்ற முதியோர் மருத்துவர் 2007-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார். பூனை ஒருவர் பக்கத்தில் போய்ப் படுத்துவிட்டால் பணியாளர்கள் அவர் குடும்பத்துக்குப் போன் செய்தார்களாம். இதைப் படித்தவர்கள் ஜிம்மியையும் அப்படியே பார்க்கத் தொடங்கினார்கள். அதற்கும் எல்லாம் தெரியும், அது அம்மிச்சியின் நோயைப் புரிந்துகொண்டு காவல் இருக்கிறது என்று. எனக்கு இதில் சம்மதமில்லை. நாயைத் தெய்வம் என்று வைத்துக்கொண்டால், அது நாள் முழுக்க உண்மையில் என்ன செய்கிறது என்று யாரும் பார்க்க மாட்டார்கள். நான் பார்த்தேன். பார்த்ததில் எனக்குப் பட்டது வேறு.

வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறைக்குப் போகிற வழியில் இருக்கிறது மாமா வீடு. ரேஷனும் பஞ்சாயத்தும் கேரளம். கல்யாணம், சீர், ஆஸ்பத்திரி எல்லாம் பொள்ளாச்சி, கோயம்புத்தூர்ப் பக்கம். நிலக்கடலைக் காடு, பக்கத்தில் கள்ளுக்கு விட்ட தென்னைகள். அம்மிச்சி பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனாலும் கடலை அளக்கும்போது வள்ளக் கணக்கை வாயாலேயே போட்டு, வியாபாரி நோட்டில் எழுதி முடிக்கும் முன் தொகையைச் சொல்லிவிடுவார். அவருக்கு நோய் வந்தபோது முதலில் மறதி வரவில்லை. இல்லாததைப் பார்க்க ஆரம்பித்தார். திண்ணையில் யாரோ ஒரு சின்னப் பையன் உட்கார்ந்திருக்கிறான் என்றார். ஆசாரத்து (முன்கூடத்து) மூலையில் கன்றுக்குட்டி அவிழ்ந்து வந்து நிற்கிறது என்றார். மந்திரிக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கோயம்புத்தூரில் நரம்பியல் மருத்துவர் பார்த்துவிட்டு, இது லூயி பாடி வகை டிமென்ஷியா, மறதிநோயில் ஒரு வகை என்றார். இந்த வகையில் மறதிக்கு முன்னாலேயே காட்சிகள் வரலாம், பெரும்பாலும் குழந்தைகளும் சின்னப் பிராணிகளுமாகத் தெரியும், ஒரே நாளில் காலையில் தெளிவும் சாயங்காலம் குழப்பமுமாக மாறும், நடை தளரும் என்று விளக்கினார். காட்சிகளை நிறுத்துகிறேன் என்று யாராவது ஹாலோபெரிடால் போன்ற மனநோய் மருந்தைக் கொடுத்துவிடக் கூடாது, இந்த நோயாளிகளுக்கு அது கடுமையாகத் திருப்பி அடிக்கும் என்றும் எச்சரித்தார். இந்த ஒன்றை வெளியே சொல்லவேண்டும் என்பதற்காகவே இங்கே எழுதுகிறேன்.

இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் சுமார் 88 லட்சம் பேருக்கு ஏதோ ஒரு வகை டிமென்ஷியா இருப்பதாக 2023-ல் ஒரு கணக்கீடு வந்தது. நூற்றுக்கு ஏழு பேருக்கும் மேல். அவர்கள் வீடுகளில் நாயும் பூனையும் கன்றும் கோழியும் எத்தனை இருக்கும். எங்களிடம் ஆஸ்பத்திரியில் என்னென்னவோ கேட்டார்கள். வீட்டில் பிராணி ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் கேட்கவில்லை.

விரல் காட்டிய பக்கம்

ஜிம்மி ஒரு செவலை நாட்டு நாய். குட்டியாக இருந்தபோது மாமா பொள்ளாச்சிச் சந்தைக்குப் போய்விட்டு வரும் வழியில் எடுத்து வந்தது. அம்மிச்சி அதை ஜிம்மி என்று கூப்பிடுவதை எப்போதோ விட்டுவிட்டார். "கறுப்பா" என்றுதான் கூப்பிடுவார். கறுப்பன், என் அம்மா பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் இந்த வீட்டில் இருந்த நாய். முதலில் எல்லோரும் திருத்தினார்கள். "அது கறுப்பன் இல்லீங்க, ஜிம்மிங்க" என்று மாமா பொறுமையாகச் சொல்வார். அம்மிச்சி முகம் சுருங்கிவிடும். ஜிம்மிக்கு இந்த வழக்கில் அக்கறை இல்லை. அந்தக் குரலில் "கறுப்பா" என்று வந்தால் சோற்று உருண்டை வரும் என்று சீக்கிரமே பிடித்துக்கொண்டது. அப்புறம் யார் எங்கிருந்து அந்தப் பேரைச் சொன்னாலும் திரும்பிப் பார்த்தது. தியாகமும் இல்லை, புரிதலும் இல்லை. சத்தத்துக்குப் பின்னால் என்ன வருகிறது என்பதுதான் நாய்க்குப் பேர்.

கன்றுக்குட்டி விசயம் இதைவிட எனக்கு முக்கியமாகப் பட்டது. சாயங்காலங்களில் அம்மிச்சி மூலையைக் காட்டி, "கன்னுக்குட்டி அவுந்துக்கிச்சு பாரு, புடிச்சுக் கட்டு சாமி" என்பார். நாங்கள் ஆளுக்கொரு மாதிரி பதில் சொல்லிப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை என்று மாமா சொன்னால் அவருக்குக் கோபம் வரும், தன்னைப் பொய்க்காரி ஆக்குகிறார்கள் என்று. சரி, கட்டிவிட்டேன் என்று அத்தை சொன்னால், "நீ எந்திரிக்கவே இல்லையே அம்மிணி" என்று கண்டுபிடித்துவிடுவார். அவர் மறந்தது பல உண்டு. யார் ஒப்புக்குச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கவில்லை.

ஒருநாள் அவர் மூலையைக் காட்டியபோது கட்டிலருகே கிடந்த ஜிம்மி எழுந்து நேராக அந்த மூலைக்குப் போயிற்று. சுவரை முகர்ந்தது. நெல் மூட்டைக்குப் பின்னால் தலையை விட்டுப் பார்த்தது. திரும்பி வந்து அம்மிச்சியைப் பார்த்து வாலை ஆட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. அவ்வளவுதான். அம்மிச்சி "சரி, போச்சாட்டிருக்குது" என்று சொல்லிவிட்டு வெற்றிலைப் பையைத் தேடத் தொடங்கினார். அதற்குப் பிறகு இதே மாதிரி பலமுறை நடந்தது. பார்த்த சித்தி ஒருத்தி, நாய்க்குக் கன்று தெரிகிறது என்றே முடிவு கட்டினார். அப்படி இல்லை. மனிதன் சுட்டிக்காட்டும் பக்கம் போய்ப் பார்ப்பது நாயின் சுபாவம். சிம்பன்சிகள்கூட இதில் நாய்க்கு ஈடாகவில்லை என்று 2002-ல் பிரையன் ஹேரும் அவர் கூட்டாளிகளும் சோதித்து எழுதினார்கள். பல்லாயிரம் வருசம் மனிதனோடு கிடந்ததில் நாயினத்துக்கு ஊறிப்போனது அது. ஜிம்மி விரலைப் பார்த்தது, விரல் காட்டிய இடத்தில் எலியோ எலும்போ இருக்குமா என்று போய்ப் பார்த்தது, இல்லையென்றதும் வந்துவிட்டது.

ஆனால் அம்மிச்சியின் பக்கத்திலிருந்து யோசித்தால், அவர் சொன்னதைக் கேட்டு எழுந்து போய்ப் பார்த்த ஒரே ஆள் அது. மறுக்கவும் இல்லை, ஒப்புக்குச் சொல்லவும் இல்லை. அத்தை இதைச் சட்டென்று பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கன்று வந்துவிட்டது என்றால் அத்தையும் எழுந்து அந்த மூலைவரை போவார், மூட்டையை நகர்த்திப் பார்ப்பார், "இப்ப இல்லீங்க அத்தை" என்று வந்து சொல்வார். நிஜமாகவே போய்ப் பார்த்துவிட்டுச் சொன்ன பதில் என்பதால் பெரும்பாலும் அது செல்லுபடியானது.

நூறிலிருந்து ஏழு

இன்னொன்றையும் கவனித்தேன். விருந்தாட்கள் வந்தால் கட்டிலைச் சுற்றி உட்காருவார்கள். ஐந்து நிமிசத்துக்குள் அந்தக் கேள்வி வந்துவிடும். "பெரியம்மா, நான் யாருன்னு சொல்லுங்க பார்க்கலாம்?" "என்னையத் தெரியலீங்களா? நல்லா யோசிங்க." அம்மிச்சி சிரிப்பார். அந்தச் சிரிப்பு எனக்கு நன்றாகத் தெரியும், மாட்டிக்கொண்டவர் சிரிக்கும் சிரிப்பு. விரல்கள் முந்தானையைத் திருகத் தொடங்கும். அதே நேரத்தில் ஜிம்மி எழுந்து வெளியே போய்விடும். ஒவ்வொரு தடவையும் என்று சொல்லமாட்டேன், ஆனால் தற்செயல் என்று தள்ளவும் முடியாது. வந்தவர்கள் வெறுமனே உட்கார்ந்து மழையையும் கடலை விலையையும் பேசிக்கொண்டிருந்தால் அது தூங்கும். கேள்வி கேட்கத் தொடங்கினால் கொட்டாவி விட்டு, உதட்டை நக்கி, எழுந்து போகும். இந்தக் கொட்டாவிக்கும் தூக்கத்துக்கும் சம்பந்தமில்லை. மனசு சரியில்லாத இடத்தில் நாய் காட்டும் அடையாளம் இது, நாய் வளர்த்தவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

2022-ல் பெல்ஃபாஸ்ட் நகரத்துக் குவீன்ஸ் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். ஆட்களை உட்காரவைத்து, 9,000-லிருந்து 17, 17-ஆக மனக்கணக்காகக் கழித்துக்கொண்டே வரச் சொன்னார்கள், ஆராய்ச்சியாளர்களுக்கு முன்னால், சத்தமாக. கணக்குக்கு முன்னும் பின்னும் அவர்களுடைய வியர்வையையும் மூச்சையும் துணியில் எடுத்தார்கள். பழக்கிய நாய்கள் முகர்ந்து, பதற்றத்துக்குப் பின்னால் எடுத்ததை நூற்றுக்குத் தொண்ணூறு தடவைக்கும் மேல் சரியாகக் காட்டின. இதைப் படித்தபோது எனக்கு நரம்பியல் மருத்துவரின் அறை ஞாபகம் வந்தது. மறதியை அளக்கும் பரீட்சையில் 100-லிருந்து 7, 7-ஆகக் கழிக்கச் சொல்வார்கள். அம்மிச்சியிடமும் கேட்டார்கள். 93 என்று டக்கென்று சொன்னார். அடுத்ததில் நின்றுவிட்டார். கழுத்தோரம் வியர்த்துவிட்டது. ஒரு மருத்துவருக்கு அந்தப் பரீட்சை தேவை, எப்போதாவது ஒருமுறை. நாம் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு தடவையும் அதைத் திரும்ப நடத்துகிறோம். நாய்க்கு அந்தப் பதற்றத்தின் வாசனை எட்டுகிறது, எழுந்து போகிறது. நமக்கு எட்டுவதில்லை.

பஞ்சாயத்திலிருந்து வருகிற பாலியேட்டிவ் நர்ஸ், தீராத நோயாளிகளை வீட்டிலேயே வந்து கவனிப்பவர், இதில் வேறு மாதிரி. கேரளத்தில் 2008-லேயே இதற்கென்று அரசுக் கொள்கை வந்துவிட்டதால் வீடு தேடி வருகிறார்கள். படுத்த படுக்கையானவர்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பது எல்லைக்கு இரண்டு பக்கமும் சொந்தம் வைத்திருக்கிற எங்களுக்குத் தெரியும். அந்த நர்ஸுக்குத் தமிழ் சுமார்தான். "அம்மே, ஞான் வந்நு" என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வார். தன் பெயரைத் தானே சொல்லிவிடுவார். கேள்வி எதுவும் இல்லை. அவர் வந்தால் ஜிம்மி எழுந்து போவதில்லை.

ஆடிக் காற்றில்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடியில் வீசுகிற காற்றை அனுபவித்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஓட்டை அசைத்துப் பார்க்கும், ஓலையைப் பிய்த்து எறியும், கரண்ட் போய்விடும். அப்படி ஒரு சாயங்காலம் நானும் வீட்டில் இருந்தேன். அத்தை சமையல்கட்டில் மாவு பிசைந்துகொண்டிருந்தார். மாமா கட்டுத்தரையில் மாடுகளுக்குத் தீவனம் போட்டுக்கொண்டிருந்தார். எமர்ஜென்சி விளக்கைத் தரையில் வைத்திருந்தோம். ஜிம்மி கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் தூங்கிக்கொண்டிருந்தது. தரையில் வைத்த விளக்கில் அதன் நிழல் சுவர் முழுக்கப் பெரிதாக விழுந்திருந்தது. வெளியே கொடாப்பில் கோழிகள் காற்றுக்குப் பயந்து கத்தின.

அம்மிச்சி எழுந்து உட்கார்ந்தார். "நரி" என்றார். அடுத்த நொடி கைத்தடி ஜிம்மியின் இடுப்பில் விழுந்தது. தூக்கத்தில் அடி வாங்கிய நாய் அலறி எழுந்தது. போக வழியில்லை, ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் கட்டில், எதிரில் அம்மிச்சி. அவர் குனிந்து அதன் காதைப் பிடித்து இழுத்தார். ஜிம்மி உறுமியது. நான் அதுவரை அந்தச் சத்தத்தை அதனிடம் கேட்டதே இல்லை. உதடு சுருண்டு பல் தெரிந்தது. ஒருமுறை அவர் கையைக் கவ்வி உடனே விட்டது. நான் விளக்கைத் தூக்கவும் அத்தை மாவுக் கையோடு ஓடிவந்து நடுவில் விழவும் சரியாக இருந்தது. கட்டிலை நகர்த்தினோம். ஜிம்மி சந்து வழியாகப் பாய்ந்து வெளியே போய்விட்டது. அம்மிச்சியின் கையில் எச்சில் இருந்தது, தோல் கிழியவில்லை. ஒரு பல் தடம்கூட இல்லை. கடிக்கத் தெரியாமல் இல்லை, தெரு நாய்களோடு அது சண்டை போட்டதைப் பார்த்திருக்கிறேன். விடு என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருக்கிறது.

மாமாவுக்குத் தாங்கமுடியாத கோபம். பெற்ற தாயின் கையைக் கவ்விய நாயை இனி வீட்டுக்குள் விடமாட்டேன் என்றார். சங்கிலியைப் போட்டுக் கட்டுத்தரையில் கட்டினார். தோட்டத்துச் சாளைக்கு அனுப்பிவிடலாம், அங்கே பண்ணையாள் பார்த்துக்கொள்வான் என்றார். கை கழுவி, அம்மிச்சியைச் சமாதானப்படுத்தி, சாப்பிட உட்கார்ந்த பிறகும் இதே பேச்சு. "இத்தனை வருசம் சோறு போட்ட கை, அதுமேல எப்படி உறும மனசு வந்துச்சு?" என்றார். அத்தை பரிமாறிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அது உறுமிட்டு வெளிய போயிருச்சுங்க. எனக்கு அதுகூட முடியலீங்க."

வேறெதுவும் சொல்லவில்லை. அழவும் இல்லை. ரசத்தை ஊற்றிவிட்டு உள்ளே போய்விட்டார். மாமா வட்டலையே பார்த்துக்கொண்டிருந்தார். அத்தை கையிலும் அம்மிச்சியின் நகக்கீறல்கள் உண்டு. அந்த வருசம் அவர் காங்கேயத்தில் அண்ணன் வீட்டு நோம்பிக்குப் போகவில்லை. அதற்கு முந்தின வருசமும் போகவில்லை. "உங்க மருமகளை மாதிரி யாருக்கு அமையும்" என்று ஊரே சொல்லும். அப்படிச் சொல்லிச் சொல்லியே அவர் எழுந்து போக முடியாதபடி ஆகிவிட்டிருந்தது. வாசலில் நின்று நாயைப் புகழ்கிறவர்கள் புகழ்வதும் இதையேதான்: நகராமல் இருப்பதை. ஆனால் ஜிம்மி நகர்ந்துகொண்டேதான் இருந்தது. கேள்விகள் வந்தால் எழுந்து போயிற்று. வலித்தால் உறுமிற்று. பசித்தால் சமையல்கட்டுக்குப் போயிற்று. போக முடிந்ததால்தான் திரும்ப வந்து அந்தக் கட்டிலருகே படுக்க அதற்கு முடிந்தது என்பது என் எண்ணம்.

மறுநாள் காலையில் நானே கேட்டுச் சங்கிலியை அவிழ்த்தேன். ஜிம்மி உள்ளே வந்தது. கட்டிலருகே போகவில்லை. தூணுக்குப் பக்கத்தில், கட்டிலிலிருந்து மூன்று முழம் தள்ளி, அம்மிச்சியைப் பார்த்தபடி படுத்துக்கொண்டது. முதுகுக்குப் பின்னால் வாசல். அதிலிருந்து அதுதான் அதன் இடம். அம்மிச்சி தடியோடு எழுந்தால் வேப்பமரத்தடிக்குப் போய்விடும். தடி இல்லாமல் எழுந்தால் அங்கேயே இருக்கும். அவர் கட்டிலில் உட்கார்ந்து கையைத் தொங்கவிட்டிருந்தால் மெதுவாக வந்து கையை முகரும். கை தளர்வாக இருந்தால் பக்கத்திலேயே இருக்கும், விறைப்பாக இருந்தால் திரும்பிவிடும். இந்த ஒழுங்கை அதற்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை.

அம்மிச்சிக்கும் அந்த இரவு போய்விடவில்லை. நடந்தது அடுத்த அரைமணியிலேயே மறந்துவிட்டது. ஆனாலும் ஓரிரு நாளைக்கு ஜிம்மி குறுக்கே போனால் காலை இழுத்துக்கொண்டார், ஏன் என்று அவருக்கே தெரியாமல். அயோவா பல்கலைக்கழகத்தில் 2014-ல் அல்சைமர் நோயாளிகளுக்குச் சோகமான, சந்தோசமான காட்சிகளைப் போட்டுக் காட்டினார்கள். பார்த்தது என்ன என்பது சீக்கிரமே மறந்துபோனது. அது கிளப்பிய உணர்ச்சி அதற்குப் பிறகும் நீடித்தது. அது ஆய்வறையில் நிமிசக் கணக்கில் அளந்தது. வீட்டில் நாங்கள் பார்த்ததும் அந்த வழியில்தான் இருந்தது, நல்லதிலும் கெட்டதிலும். நாயைத் தடவிக்கொடுத்த மதியங்களில், தடவியதை மறந்த பின்னும் அவர் முகம் லேசாக இருக்கும்.

அத்தைக்கு ஒரு தூண்

சாப்பாட்டின்போது அத்தை சொன்ன அந்த வாக்கியத்தை மாமா மறக்கவில்லை. மறுவாரம் என் அம்மாவுக்குப் போன் செய்தார். இப்போது மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில் அம்மா பொள்ளாச்சியிலிருந்து வந்துவிடுவார், திங்கட்கிழமை வரை இருப்பார். அத்தை காங்கேயம் போகலாம், போகாமல் மேல்வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கலாம், அது அவர் விருப்பம். சுலபமாக நடக்கவில்லை. வெளியே தெரிந்தால் மருமகள் கைவிட்டுவிட்டாள் என்று பேசுவார்கள் என்று மாமாவுக்குக் கவலை. அம்மிச்சி பெற்ற மகளையே அடையாளம் தெரியாமல் முதல் தடவை சாப்பிட மறுத்தார், அம்மா உட்கார்ந்து அழுதார். அத்தைக்கே போக மனசு வரவில்லை. பஸ் ஏறின பின்னும் மாத்திரை நேரத்தைச் சொல்லப் போன் செய்துகொண்டே இருந்தார். பிறகு பழகியது. அத்தை திரும்பி வருகிற திங்கட்கிழமைகளில் அம்மிச்சியோடு பேசும் குரலே வேறாக இருக்கிறது. முதியவருக்காகச் செய்யும் ஏற்பாடுகளில் இதைத்தான் முதலாவதாக வைப்பேன். நெருங்கிய உறவு என்பதால் ஒருவரைக் கட்டிலோடு கட்டிப்போடுவதை அன்பு என்று சொல்லிக்கொண்டிருக்க எனக்கு முடியவில்லை.

நாய்க்குச் செய்யவேண்டியதும் நிறைய இருந்தது. முதலாவது தீனி. சோறு வைத்ததை அம்மிச்சி மறந்துவிடுவார், மறுபடி வைப்பார். கைக்குச் சோறு பிசையும் பழக்கம் மட்டும் அப்படியே இருந்தது, உருண்டை உருட்டும் அழகுகூடக் குறையவில்லை. ஜிம்மி உருண்டு திரண்டு மூச்சு வாங்க ஆரம்பித்தது. கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்துத் திட்டினார். அம்மிச்சியைத் தடுத்தால் அவர் கையிலிருந்த கடைசி வேலையையும் பிடுங்கியது மாதிரி ஆகும். அத்தைதான் வழி கண்டார். சின்னப் போசியில் பொரி. எத்தனை தடவை "நாய்க்குச் சோறு வெச்சாச்சா?" என்று கேட்டாலும் அந்தப் போசியைக் கையில் கொடுத்துவிடுவார், ஒரு பிடி பொரி போடுவதோடு சரி. உண்மையான சோறு ராத்திரி ஒருவேளை, மாமா கையால்.

அடுத்தது மாத்திரை. விழுங்கியது மாதிரி வாயில் அடக்கி வைத்து நாய்ச் சோற்றில் அம்மிச்சி போட்டதை ஒருமுறை கண்டுபிடித்தோம். நினைவுக்காகத் தருகிற டொனெபெசில் போன்ற மாத்திரைகள் நாயின் உடம்பில் வாந்தி, எச்சில் ஒழுகல், நாடி குறைதல் என்று போகலாம். இப்போது மாத்திரை கொடுத்தால் ஒரு வாய் தண்ணீர் குடித்து இரண்டு வார்த்தை பேசும்வரை யாராவது பக்கத்தில் இருக்கிறோம். திராட்சை, சாக்லேட், வெங்காயம் மூன்றும் நாய்க்கு விஷம் என்பதால் விருந்தாட்கள் கொண்டுவரும் பை நேராக உள்ளே போய்விடும்.

கடி, கீறல் விசயத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு எச்சரிக்கையாக இருந்தாலும் தகும். மறதிநோய் உள்ளவர் நாய் கடித்ததைச் சொல்லமாட்டார், அவருக்கே ஞாபகம் இருக்காது. அதனால் குளிப்பாட்டும்போது கை, கால், விரலிடுக்கு எல்லாம் தினமும் பார்க்கவேண்டும். வீட்டு நாயோ தெரு நாயோ, தோலில் கடியோ சின்னக் கீறலோ இருந்தாலும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிசம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் தோலுக்குள் போடும் வெறிநோய்த் தடுப்பூசி முதல் நாள், 3, 7, 28-ஆம் நாள் என்று வரும். தோல் கிழிந்து ரத்தம் வந்திருந்தால் கூடவே காயத்தில் போடும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் சேரும். ஜிம்மிக்கு வருசா வருசம் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பஞ்சாயத்து லைசன்ஸோடு சீட்டை மாமா ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே வைத்திருக்கிறார்.

வீட்டில் ஒரு பூனையும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் அத்தை கோபித்துக்கொள்வார். அம்மிச்சி கூப்பிட்டால் அதன் காது மட்டும் திரும்பும், உடம்பு அசையாது. பூனை தன்னை வளர்ப்பவரின் குரலை அடையாளம் கண்டுகொள்கிறது, ஆனால் எழுந்து வருவதில்லை என்று ஜப்பானில் 2013-ல் சோதித்தே சொல்லியிருக்கிறார்கள். மார்கழியில் மட்டும் தானாகவே வந்து அம்மிச்சியின் கம்பளிக்குள் புகுந்துகொள்ளும். அவருக்கு அதில் பரம சந்தோசம். ஆஸ்கரின் செய்தியை அனுப்பும் உறவினர் இந்தப் படத்தைப் பார்த்துப் பயந்து போன் செய்தார். குளிர், வேறொன்றும் இல்லை என்றேன்.

ஜிம்மிக்கும் வயதாகிறது, வாயோரம் நரைத்துவிட்டது. நாய்களுக்கும் இதேபோல் மூளை தளரும் நோய் வருவதுண்டு. ராத்திரியில் காரணமில்லாமல் சுற்றும், மூலையில் போய் நின்றுகொண்டு திரும்பத் தெரியாமல் நிற்கும், பழகிய இடத்திலேயே வழி தடுமாறும் என்று கால்நடை மருத்துவர் சொல்லிவைத்திருக்கிறார். அந்த அடையாளங்கள் இன்னும் இல்லை. சாளைக்கு அனுப்பும் பேச்சை மாமா முழுசாக விடவில்லை. வயதான நாயை இடம் மாற்றினால் அது தடுமாறிப்போகும் என்று அத்தை அவரிடம் வாதாடிக்கொண்டிருக்கிறார். போன வாரம் எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து ஆசாரத்துக்கு இன்வெர்ட்டர் இழுத்தோம். விளக்கைத் தலைக்கு மேலே, கட்டிலுக்கும் தூணுக்கும் நடுவில் போடச் சொல்லியிருக்கிறோம், சுவரில் நிழல் விழாதபடி. ஆனி முடிவதற்குள் வேலை முடிந்துவிடும் என்றிருக்கிறார்.